மருத்துவ சீட்: மார்க்குக்கு முன்னால் நிற்கும் 1950

கேரள நுழைவுத் தேர்வான கீமின் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போதெல்லாம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மூணாறு, பீர்மேடு பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி. நீட்டில் இத்தனை மார்க் வந்தால் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்குமா? மார்க்கைச் சொல்பவர்கள், பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்பதைச் சொல்வதில்லை. எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்ப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது விஷயம்தான்.

மார்க்கை முதலில் முடித்துவிடலாம். 2024-ல் திருத்திய முடிவில் 17 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-ல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. ஆகவே போன வருஷ கட்-ஆப் மார்க்கை வைத்து இந்த வருஷக் கணக்குப் போடுவது வீண். கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்கைப் பார்க்க வேண்டும். 'தகுதி பெற்றார்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. 2025-ல் பொதுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 144. அந்த மார்க்கில் பொதுப் பிரிவில் அரசு சீட் கிடைக்காது. பணம் கட்ட முடிந்தவருக்குத் தனியார் கல்லூரிக் கதவு திறக்கும், அவ்வளவே.

இனி அந்தப் பட்டியல். கேரளம் இரண்டு தாள்களைக் கேட்கிறது. முதலாவது நேட்டிவிட்டி, அதாவது பூர்வீகச் சான்று. மாணவரோ, தாய் தந்தையில் ஒருவரோ கேரளத்தில் பிறந்திருந்தால் 'கேரளீயர்'. தேவிகுளத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு இதில் சிக்கல் இல்லை. பிறந்த ஊர் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமே போதும். இரண்டாவது ஜாதிச் சான்று. பட்டியல் சாதிப் பிள்ளைகள் இடறி விழுவது இங்கேதான்.

பட்டியல் சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ம் தேதியிட்டது. அந்த நாளில் குடும்பம் எங்கே குடியிருந்ததோ, அந்த இடத்தின் பட்டியலில்தான் அதற்கு இடம். அதன்பின் திருநெல்வேலியிலிருந்தோ தேனிப் பக்கமிருந்தோ தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தால், அதே சாதிப் பெயர் இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், கேரளத்தின் எஸ்.சி. ஒதுக்கீட்டில் உரிமையில்லை. தாத்தா 1949-ல் மலையேறியிருந்தால் பேத்திக்குச் சலுகை உண்டு. 1952-ல் ஏறியிருந்தால் இல்லை. கேரள மாநிலம் உருவானதே 1956 நவம்பர் 1-ல். மாநிலம் பிறப்பதற்கு ஆறு வருஷம் முந்தைய நாளைக் காட்டி, அந்த மாநிலத்தில் பிறந்த பிள்ளையை வெளியூர்க்காரி ஆக்குகிறது சட்டம். நேட்டிவிட்டி கொடுத்த அதே வருவாய்த் துறைதான் ஜாதிச் சான்றையும் மறுக்கிறது.

இதற்கு அடித்தளம் போட்ட வழக்கே ஒரு மருத்துவ சீட் வழக்குதான். தந்தையின் வேலை நிமித்தம் ஆந்திரத்திலிருந்து பம்பாய் போன பழங்குடி மாணவர் ஒருவர், அங்குள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்டார். சாதியின் பின்தங்கிய நிலை அந்தந்த மாநிலச் சூழலைச் சார்ந்தது என்று சொல்லி, 1990-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2018-ல் இன்னொரு அரசியல் சாசன அமர்வும் இதையே உறுதி செய்தது. வேலை மாற்றலில் போன குடும்பத்துக்கு அந்த வாதம் பொருந்தலாம். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் கிடந்து கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் பின்தங்கிய நிலை எந்த மாநிலத்தைச் சார்ந்தது? இதற்கு அதிகாரிகளிடம் பதில் இல்லை.

இழப்பு எவ்வளவு என்பதற்குப் பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்த்தால் போதும். 2014-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியை நடத்துவது பட்டியல் சாதி மேம்பாட்டுத் துறை. நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் 70 எஸ்.சி. மாணவர்களுக்கு. மற்ற அரசுக் கல்லூரிகளில் எஸ்.சி. பங்கு 8 சதவீதம்தான். ஜாதிச் சான்று கையில் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரத்தை எந்தக் கோச்சிங்கும் அடைக்காது.

1950-க்கு முன்பே வந்தவர்களும் அதை நிரூபிப்பது லேசில்லை. லயம் கம்பெனிக்குச் சொந்தம். பட்டா இல்லை, ஆதாரம் இல்லை. பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்து ஆள்பதிவேடு, வாக்காளர் பட்டியல் என்று தேட வேண்டும். தேவிகுளம் எம்.எல்.ஏ.வாகத் தேர்வான ஆ.ராஜாவே இதில் சிக்கினார். தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மதமாற்றத்தோடு, முன்னோர் வந்த காலமும் அதில் வாதமானது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இரண்டு வருஷம் பிடித்தது. பிளஸ் டூ மாணவிக்குக் கலந்தாய்வு அத்தனை நாள் காத்திருக்காது.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டிலும் எய்ம்ஸ், ஜிப்மரிலும் இந்தத் தடை இல்லை. தந்தைக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றைக் காட்டினால், இப்போது குடியிருக்கும் மாநிலத்திலேயே புலம்பெயர்ந்தோர் படிவத்தில் எஸ்.சி. சான்று வாங்கலாம். பலருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது.

மற்றக் கேள்விகள். நீட் மட்டும் எழுதினால் போதுமா? போதாது, கீமுக்கும் விண்ணப்பித்து, நீட் முடிவை நுழைவுத் தேர்வு ஆணையரின் தளத்தில் சேர்த்தால்தான் கேரள மருத்துவ ரேங்க் பட்டியலில் பெயர் வரும்.

தமிழில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் தமிழ் வினாத்தாள் கேரள மையங்களில் கிடையாது. தமிழ்நாட்டு மையம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவருக்கானது. மூணாறு அரசுத் தமிழ்ப் பள்ளி அதில் சேராது.

இரு மாநிலத்திலும் பூர்வீகம் கோரலாமா? கூடாது.

தமிழ்நாட்டில் பி.சி. என்றால் இங்கேயும் பி.சி.யா? தானாக ஆகாது; கேரளப் பட்டியலில் சாதிப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு நேட்டிவிட்டி ஆதாரம் வேண்டும்; ஜாதிச் சான்றுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் தருவது வழக்கம். அந்த அவகாசத்தை நம்பியிராமல் இந்த வாரமே வில்லேஜ் ஆபிஸ் போய்விடுங்கள். மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1950-க்கு முந்தைய ஆள்பதிவேடு உங்கள் அலுவலக அலமாரியில் இருந்தால், கேட்டு வரும் குடும்பத்துக்கு ஒரு நகல் கொடுங்கள்.