மெருகு ஏறாத பொன்

பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிவதும், தராசிலிட்டு எடை காண்பதும், அந்த எடைக்குத் தக்கபடி விலை பேசுவதுமே வழக்கமாகிவிட்ட நமக்கு, சில பவுனுக்கு மேல் தேறாத குரோனோகிராப் வகையைச் சேர்ந்த ஒரு பழைய கைக்கடிகாரம் ஜினீவா ஏலத்தில் பல கோடி ரூபாய்க்குப் போகிறது என்ற செய்தி விசித்திரமாகவே தோன்றும். அதிலும் அந்தப் பொன், நம் ஊர் ஆபரணத் தங்கத்தைவிட மாற்றுக் குறைந்த 18 காரட் பொன் என்று அறிந்தால் வியப்பு இன்னும் மிகும்.

நேரம் காட்டுவதோடு, வேண்டிய க்ஷணத்தில் ஓடவும், நிற்கவும், மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பவும் வல்ல தனியொரு விநாடி முள்ளையும் உடைய கடிகாரமே குரோனோகிராப் எனப்படுவது. 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்பவர் பரீட்சித்த யந்திரம், முகப்பின்மீது மைத்துளி இட்டுக் காலத்தைக் குறித்தது. முள் எவ்விடத்தில் நின்றாலும், சிறு சுத்தியல் ஒன்று தட்டியவுடன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவத் தகடோ, 1844-இல் அடால்ஃப் நிக்கோல் உரிமைப் பதிவு செய்த யோசனை. பிற்காலத்தில் இக்கடிகாரங்கள் மணிக்கட்டுக்கு வந்தபோது, வைத்தியர் நாடி பார்ப்பதற்கென்றும், மின்னலுக்கும் இடிக்கும் இடையே சென்ற நேரத்தைக்கொண்டு தூரத்தை அறிவதற்கென்றும் முகப்பின் ஓரத்தில் அளவுக்கோடுகளைப் பொறித்தார்கள். யுத்த காலத்தில் இடியின் ஸ்தானத்தைப் பீரங்கி எடுத்துக்கொண்டது.

சேகரிப்போர் பெருமூச்சுவிடும் பெயர்களுள் தலையாயது, ஜினீவாவின் படேக் பிலிப் நிறுவனம் 1941-இல் வெளியிட்ட 1518 என்னும் மாதிரி. குரோனோகிராபோடு, லீப் வருஷத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி மாற்றும் நிரந்தரப் பஞ்சாங்கத்தையும் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையையும் ஒரே கைக்கடிகாரத்துள் அடக்கி, வரிசையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் படைப்பு அதுவே. மொத்தம் 281 கடிகாரங்களே செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பான்மை மஞ்சள் பொன், சிறுபான்மை செம்பொன். எஃகில் செய்தவையாக அறியப்பட்டவை நான்கு மட்டுமே. 2016-இல் அந்த எஃகுக் கடிகாரங்களுள் ஒன்று 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்கு விலைபோயிற்று என்பதிலிருந்து, இவ்வுலகில் பொன்னுக்குத் தனியே எவ்வளவு மரியாதை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அரசர் கைபட்டது என்ற கீர்த்திகூட எல்லாவற்றையும் வென்றுவிடுவதில்லை. 2021-இல் எகிப்து மன்னர் ஃபாரூக்கின் 1518, பின்புறத்தில் அரச முடி பொறிக்கப்பெற்றது, துபாயில் சுமார் 9 இலட்சம் டாலருக்குப் போயிற்று; அதே ஆண்டில், அதே நாட்டு இளவரசர் ஒருவரிடம் இருந்த மற்றொரு 1518, உறையும் முகப்பும் ஒருசேரச் செம்பொன் நிறமாக இருந்த அபூர்வத்தால், நியூயார்க்கில் 95 இலட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

எனினும், இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சேகரிப்போர் தேடுவது, கைபடாத தன்மையை. நகையை மெருகிட்டுப் புதுப்பிப்பது நமக்குச் சுபகாரியம். கடிகாரத்துக்கோ அது கேடு. பொன் மென்மையானதாகையால் ஒவ்வொரு மெருகிலும் சிறிது தேய்ந்து, வார் பூட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கி, 18 காரட்டுக்குச் சாட்சியான, சுவிஸ் நாட்டின் உருவகமான ஹெல்வேஷியா மாதின் தலை முத்திரையும் மறைந்துபோகிறது. முகப்புக்குப் புதிதாக வர்ணம் தீட்டியிருந்தால், யந்திரம் எத்தனை செம்மையாக ஓடினாலும் விலை பாதாளத்துக்கு இறங்கிவிடும். ஆகவேதான் தேர்ந்தவர்கள் பூதக்கண்ணாடியால் முதலில் முத்திரையையும், பிறகு முகப்பின் எழுத்துகளையும் பார்த்து, உறையிலும் யந்திரத்திலும் உள்ள எண்கள் நிறுவனத்தின் பழைய பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று விசாரித்த பின்னரே விலையைப் பற்றி வாய் திறக்கிறார்கள். இந்த எச்சரிக்கை மிகையன்று. உறை ஒன்று, முகப்பு வேறொன்று, யந்திரம் மற்றொன்று எனப் பொருத்திய போலிக் கலவைகள் சந்தையில் உண்டு.

பாட்டனார் காலத்துப் பொற்கடிகாரம் ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்து, அதன் பக்கவாட்டில் சாவிக்குமிழோடு விசைகளும் காணப்பட்டால், அதைப் பளபளப்பாக்கக் கொடுக்காதீர்கள். எடைக்குப் போடவும் வேண்டாம். பழைய கடிகாரங்களை நன்கறிந்த ஒருவரிடம் முதலில் உள்ளது உள்ளபடியே காட்டுங்கள்.