பன்னிரண்டு புள்ளிகளும் நம் ஆங்கிலமும்

பிரித்தானியாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கும் நேர்வது இதுதான். பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஆங்கிலம் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஊரில் பத்து வருடம் ஆங்கில இலக்கணம் படித்த நாமோ வாய் திறக்கக் கூசுகிறோம். வைத்தியரிடம் போனாலும் பாடசாலைக்குப் போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். தாயின் வருத்தத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வைத்தியருக்கு எடுத்துச் சொல்வது நல்லதா? பிள்ளை அறிய வேண்டாதவையும் அதில் இருக்கும் அல்லவா?

மாலை வகுப்புகளுக்குப் போவது அவசியம். ஆனால் வாய்க்கூச்சம் தீர வீட்டிலும் பழக வேண்டும். அதற்கு நாங்கள் கண்ட வழி யூரோவிஷன் பாட்டுப் போட்டி.

1956இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளுடன் இப்போட்டி தொடங்கியது. இறுதிப் போட்டி வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும். பிபிசி தொலைக்காட்சியில் பார்க்கலாம். எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி இருந்தது. 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம் என்றானதும் ஆங்கிலப் பாட்டுகள் பெருகின. அவற்றைப் பாடும் சுவீடன்காரருக்கும் கிரேக்கருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க அவர்கள் தங்கள் உச்சரிப்போடுதான் கதைக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கூச வேண்டும்?

நாங்கள் செய்வது இதுதான். மூன்று நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுவோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நடுவர் குழு. தொலைக்காட்சியில் வசனங்களை எழுத்தில் காட்டும் வசதியைப் போட்டுவிடுவோம். புதிய சொற்களைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். பாட்டுகள் முடிந்ததும் 12, 10, பின்னர் 8 முதல் 1 வரை புள்ளி வழங்குவோம். முடிவை எழுந்து நின்று ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டியவர் வீட்டில் மிகக் குறைவாக ஆங்கிலம் கதைப்பவர். பிழை விட்டால் ஒருவரும் சிரிக்கக் கூடாது.

இதில் இலக்கணம் எங்கே என்கிறீர்களா? "ருவெல்வ் பொயின்ற்ஸ் கோ ரு நோர்வே" என்ற ஒரு வசனத்தையே பாருங்கள். 'நோர்வேக்கு' என்று நாம் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் 'ரு' என்று முன்னால் வைக்கிறது. புள்ளிகள் பன்மை, ஆகவே 'கோ', 'கோஸ்' அல்ல. நோர்வேக்கு முன்னால் 'த' வராது. ஆனால் நெதர்லாந்துக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் 'த' சேர்க்க வேண்டும்.

காலங்களுக்கும் இங்கே உதாரணம் உண்டு. சுவீடன் பாடகி லொரீன் 2012இலும் 2023இலும் வென்றவர். ஆண்டைச் சொன்னால் 'வொன் இன் 2012' என்ற சாதாரண இறந்த காலம். ஆண்டைச் சொல்லாமல் இதுவரை இரு தடவை வென்றிருக்கிறார் என்றால் 'ஹாஸ் வொன் ருவைஸ்'. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நம் அனுபவத்தைச் சொல்லவும் இந்த வேறுபாடு தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. பாட்டுகளில் ஓசைக்காக இலக்கணத்தை வளைப்பார்கள். 'கோயிங் ரு' என்பது 'கொன்னா' ஆகிவிடும். கேட்டு விளங்கினால் போதும்; கந்தோருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

2022இல் வென்ற உக்ரேன் போரினால் போட்டியை நடத்த முடியாமற் போக, 2023இல் அது லிவர்பூலில் நடந்தது. அன்றிரவு எங்களோடு இருந்த அக்கா ஒருவர், வந்து மூன்று வருடமாக மகன் மூலமே கதைத்தவர். நடுங்கியபடி எழுந்து, தன் பன்னிரண்டு புள்ளிகளையும் நோர்வேக்குக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "தம்பி ஒஸ்லோவில எல்லோ இருக்கிறான்" என்றார் தமிழில். "ஆங்கிலத்தில சொல்லுங்கோ அம்மா" என்றான் மகன். 'பிகோஸ்' என்று தொடங்கி ஒரு முழு வசனம் சொல்லி முடித்தார். எல்லோரும் கைதட்டினோம்.

சில வாரங்களின் பின் தெருவில் கண்டபோது சொன்னார்: "மகனைப் பள்ளிக்கு அனுப்பிப்போட்டு, டொக்டரிட்ட நானே போய்க் கதைச்சனான். ரெண்டு இடத்தில பிழை விட்டனான். ஆனா அவருக்கு விளங்கினது."

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடுமோ என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் உக்ரேனுக்காக வென்ற ஜமாலா, 1944இல் சோவியத் அரசு கிரைமியாவின் தாத்தார் மக்களை நாடுகடத்திய துயரத்தைப் பாடினார். தன் கொள்ளுப்பாட்டி பட்ட துன்பமே அதற்கு அடிப்படை. பாட்டில் ஆங்கிலமும் இருந்தது, தாத்தார் மொழியும் இருந்தது. உலகத்துக்குச் சொல்ல ஒரு மொழி, தன் மக்களுக்கென ஒரு மொழி. இரண்டையும் அவர் மூன்று நிமிடத்துக்குள் வைத்தார்.

வரும் வைகாசியில் நீங்களும் அயல் வீட்டாரை அழையுங்கள். கொப்பியும் பேனாவும் எடுத்து வையுங்கள். முடிவை அம்மா அறிவிக்கட்டும்.