மண்டபத்து ஒலிவாங்கிக்கு எந்த வயர் வாங்குவது?

தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா என்றால் மண்டப வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் பரிசு என்று எல்லாவற்றுக்கும் வரவு செலவுத் தாளில் ஒரு வரி வைக்கிறோம். ஒலிவாங்கி வயர் மட்டும் 'இதர செலவு' என்பதற்குள் போய்விடும். அந்தத் தாளைப் பல ஆண்டுகள் எழுதியவர்கள் நாங்கள்தான். ஆகவே எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு விழாவில் எண்பது வயது கடந்த அம்மா ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பேச மேடைக்கு வந்தார். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். மேடை விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கியதும் ஒலிபெருக்கியில் 'உம்ம்' என்று இரைச்சல். ஜேர்மன்காரர் இதை 'பிரும்மன்' என்பார்கள். அம்மாவின் கை அசைந்தபோதெல்லாம் படபடவென்று வேறு சத்தம். இரண்டு நிமிடத்தில் "காணும் தம்பி" என்று இறங்கிவிட்டார். அடுத்த விழாவுக்கு அவர் உயிரோடு இல்லை. காணொளியில் எங்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த இரைச்சல்தான்.

ஒலிவாங்கியில் குறையில்லை. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம். 58 அது. குறை வயரில். பொன்முலாம் பூசியது என்று விலை கொடுத்து வாங்கிய வயர். ஆனால் மறுமுனையில் கிற்றாருக்குப் போடுகிற தடித்த பிளக்.

டைனமிக் ஒலிவாங்கிக்குள் ஒரு மெல்லிய சவ்வும், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருளும் இருக்கின்றன. குரல் பட்டுச் சவ்வு அசைய, சுருளில் மின்சாரம் பிறக்கும். பற்றரி தேவையில்லை. ஆனால் பிறப்பது ஓரிரு மில்லிவோல்ட்தான். பக்கத்துச் சுவரில் ஓடுவது 230 வோல்ட், அதாவது இலட்சம் மடங்குக்கு மேல். இதற்குள்ளால்தான் அந்த அம்மாவின் குரல் மிக்சருக்குப் போய்ச் சேரவேண்டும்.

இதற்கு வழி மூன்று ஊசி உள்ள எக்ஸ்.எல்.ஆர். இணைப்பு. முதல் ஊசி காப்புறைக்கு. இரண்டும் மூன்றும் ஒரே குரலை எதிரெதிராகக் கொண்டுபோகும். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரேமாதிரி ஏறும். மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் குரல் நிற்கும், இரைச்சல் கழிந்துவிடும். கிற்றார் பிளக்கில் இந்தக் கழித்தல் கணக்கு நடக்காது. ஆகவே இரு முனையிலும் மூன்று ஊசி; மிக்சரிலும் அதே துளை.

பொன்முலாம், சுத்தச் செம்பு என்ற விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கேட்டு வித்தியாசம் சொன்ன ஒருவரை நாங்கள் இன்னும் காணவில்லை. காசு போகவேண்டிய இடம் முனைகள். லிக்டன்ஸ்டைனின் நொய்ட்ரிக் போன்ற இணைப்பிகளைக் கழற்றி, அறுந்த கம்பியைத் திரும்ப ஈயத்தால் ஒட்டலாம். வார்த்து மூடிய மலிவு முனை அறுந்தால் குப்பைக்குத்தான். மூன்று விழாவுக்கு மூன்று மலிவு வயர் வாங்குவதைவிட ஒரு நல்லது இலாபம்.

காப்புறை பின்னல் வலையாக இருந்தால் நீண்டகாலம் நிற்கும். விளக்கை மங்கலாக்கும் கருவிகள் நிறைந்த மண்டபம் என்றால் நான்கு கம்பி முறுக்கிய 'ஸ்டார் குவாட்' வகைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டைனமிக் ஒலிவாங்கியின் மின்தடை 150 முதல் 300 ஓம் வரைதான் என்பதால் 50 மீற்றர் போனாலும் குரல் மழுங்காது. இழுபட்டு நிற்கும் வயரில் வயதானவர்கள் தடுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து.

மின்வயரோடு சேர்த்து நீளமாக ஓடவிடாதீர்கள். கடக்கவேண்டுமானால் குறுக்காகக் கடக்கவும். முழங்கையில் சுற்றி முறுக்குவது எங்கள் ஆட்களின் பழக்கம். கம்பி உள்ளே அறுவது அதனால்தான்.

இப்போது எங்கள் தாளில் வயருக்குத் தனி வரி இருக்கிறது. விழாவுக்கு முதல்நாள் மாலை விளக்கை மங்கலாக்கி, இரு முனைகளையும் அசைத்துக் கேட்கிறோம். மேடைக்குப் பின்னால் இன்னொரு வயர் தயாராகக் கிடக்கும்.