மானிப்பாயில் தமிழ் பேசிய வைத்திய சாஸ்திரம்

பிளவக்கல் அணையடியில் வயலுழும் குடியானவருக்கு வியாதி முற்றிவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே தம் உபாதையை அவர் தமிழில் சொல்லுகிறார். கையில் கிடைக்கும் மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கிறது. மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பிக்க இயலாதென்று படித்தவர் பலர் இன்றும் சாதிக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதைச் செய்தே காட்டியிருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்கர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மதப் பிரசாரத்துக்கென வந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. மானிப்பாயில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டே, உள்ளூர் வாலிபர்களைச் சேர்த்து, உடலுறுப்புக்களின் அமைப்பைக் கூறும் அங்காதிபாதம் முதலிய சாஸ்திரங்களைப் போதித்தார்.

தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்களைச் சர்க்கார் உத்தியோகம் இழுத்துக்கொண்டது. கிறீனுக்கு வேண்டியவரோ கிராமத்திலே தங்கி ஜனங்களுக்கு உழைக்கும் வைத்தியர். ஆகவே 1860-க்குப் பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வெளிவந்த வைத்தியர் 60-க்கு மேற்பட்டவர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள்.

நூலின்றிப் போதனை ஏது? 1852-லேயே அங்காதிபாத நூலொன்றைத் தமிழில் வெளியிட்டிருந்தார். 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. ஆங்கிலத்தில் 1858-இல் வெளியான கிரேயின் பெருநூல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. மாணாக்கரே மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். தமிழிலோ வடமொழியிலோ சொல் கிடைத்தால் எடுத்தாண்டனர். கிடைக்காதபோது அயற்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்தனர். ரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டது இன்று நமக்கு நகைப்பூட்டலாம். ஆனால் சொல் இல்லையென்று கைகட்டி உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்!

தம் மாணாக்கர் ஐரோப்பிய நடையுடைகளை மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. நம்மவர் சிலருக்கே இல்லாத ரோஷம் அந்த அந்நியருக்கு இருந்தது. 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் 1884-இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை விடவில்லை. தமிழர்க்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

2022-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்காதிபாதம் உள்ளிட்ட வைத்தியப் பாடநூல்களை ஹிந்தியில் வெளியிட்டு விழாக் கொண்டாடினர். மானிப்பாயின் நூல் அதற்கு 150 ஆண்டு மூத்தது. நம் சர்க்கார் ஒரு கல்லூரியிலேனும், முதலாண்டு அங்காதிபாதப் பரீட்சையைத் தமிழில் எழுத விரும்பும் மாணவருக்கு அனுமதி வழங்கட்டும். கேட்பது அவ்வளவே.