ஓட்டைப் பிரிக்கும் முன் மச்சைப் பாருங்கள்!



எங்கள் ஊருக்குத் 'தென்னகத்தின் காஷ்மீர்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவர் மே மாத மத்தியானம் இங்கே ஓர் ஓட்டு வீட்டு மச்சில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்! பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் குளுகுளு என்றுதான் இருக்கும். ஆனால் அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு மலை கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

ஆண்கள் கடைக்கோ கமிஷன் மண்டிக்கோ போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை கூரைக்குக் கீழே வேகிறவர்கள் நாமும் வீட்டுப் பெரியவர்களும்தான். அதனால்தான் இதைப் பெண்கள் பக்கத்துக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாமனாரின் அப்பா கட்டியது. சீமை ஓடு, அதற்குக் கீழே மரப்பலகை மச்சு. அந்தக் காலத்தில் ஏலக்காய் மூட்டை போட்டு வைத்த இடம். இப்போது அண்டா, குண்டான், உடைந்த தொட்டில் எல்லாம் அங்கேதான். மச்சுக்கு நேர் கீழே உள்ள அறையில் என் மாமியார் படுத்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். போன வருஷம் சித்திரையில் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். "வெக்கைதாம்மா காரணம், அறையைக் குளிர்ச்சியா வைங்க" என்றார் டாக்டர்.

உடனே வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. "ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட்ருவோம், அதுல ஒரு ஏசி மாட்டிருவோம்" என்றான் என் மகன். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, நான் கண்ணை மூடுற வரைக்கும் இந்த ஓட்டைப் பிரிக்க வேணாம்னு சொல்லு" என்றார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. முடிவு எடுக்கும் முன் நாலு பேரிடம் விசாரித்தோம். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஓடா, தளமா?

ஓடு மெல்லியது. சீக்கிரம் சுடும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். கான்கிரீட் தளம் அப்படி இல்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நாம் படுக்கும்போது அதைக் கீழே விடும். தளம் போட்ட வீட்டில் பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக வருவது இதனால்தான். எனவே ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டால் மட்டும் வெக்கை போகாது. பகல் வெக்கை ராத்திரிக்கு மாறும், அவ்வளவுதான்.

அந்தக் காலக் காரை வீடுகளின் மட்டப்பா குளிர்ச்சியாக இருந்தது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். அந்தக் கனமும் சுண்ணாம்பும் இன்றைய ஐந்து அங்குலத் தளத்தில் கிடையாது.

ஓட்டு வீட்டில் வெக்கை எப்படி இறங்குகிறது? வெயிலில் ஓடு தோசைக்கல் போலக் காய்கிறது. அந்தச் சூடு மச்சுப் பலகையைத் தாக்குகிறது. மச்சுக்குள் அடைபட்ட காற்றும் சூடாகிறது. பலகை சுட்டால் அறையும் சுடும். உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க எளிய வழி உண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டூலில் ஏறி மச்சுப் பலகையின் அடியில் உள்ளங்கையை வையுங்கள். சுவரைவிடப் பலகை சுட்டால் உங்கள் பிரச்னை மேலே இருக்கிறது. கீழே ஏர்கூலர் வாங்கி வைத்தாலும் பாதிப் பலன்தான்.

நாங்கள் செய்தது

1. முதலில் மச்சைக் காலி செய்து கூட்டினோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே எதைப் போட்டாலும் வீண்தான்.

2. அடுத்து, சூட்டுக் காற்று வெளியேற வழி செய்தோம். மச்சின் இரண்டு பக்கத்து முக்கோணச் சுவர்களிலும், முகட்டை ஒட்டி ஜன்னல் இருந்தது. எலி, வௌவால் வருகிறதென்று எப்போதோ பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஆசாரியை வைத்து அதைத் திறந்து கம்பி வலை அடித்தோம். இறவாணத்தில் கீழ்க்காற்று வரும் சந்துகளுக்கும் வலை போட்டோம். கீழே குளிர்ந்த காற்று நுழைந்தால் மேலே சூட்டுக் காற்று தானாக வெளியேறும். இந்த வேலைக்குச் செலவு குறைவு. பலன் முதல் வாரமே தெரிந்தது.

3. கைமரங்களின் அடியில் அலுமினியப் பூச்சுள்ள தாள் அடித்தோம். ஹார்டுவேர் கடைகளில் 'ஹீட் ஷீட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் போய்விடும். ஓட்டோடு ஒட்டி அடிக்கக் கூடாது. நடுவில் காற்று ஓட இடமும், முகட்டில் கொஞ்சம் திறப்பும் விட வேண்டும்.

4. மச்சுப் பலகையின் மேல் தென்னை நார் விரிப்பைத் தடிமனாகப் போட்டோம். வசதி உள்ளவர்கள் ராக் உல் போடலாம். சில பழைய வீடுகளில் பலகைக்கு மேல் மண் பூசியிருப்பார்கள். அதைக் குப்பை என்று நினைத்துப் பெயர்த்துவிடாதீர்கள்.

ஓட்டைப் பிரிக்கவில்லை, ஏசியும் வாங்கவில்லை. இந்தச் சித்திரையில் மாமியார் மத்தியானம் தன் அறையிலேயே தூங்கினார். பலகை இப்போது கைக்குச் சுவர் போலத்தான் இருக்கிறது.

இதில் கவனம் வேண்டும்

பழைய வீட்டு மச்சில் பழைய ஒயர்கள் ஓடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைச் சரிபார்த்து, மெயினை அணைத்துவிட்டுத்தான் அலுமினியத் தாளில் கை வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009-10இல் அரசாங்கமே வீட்டு மச்சுகளுக்கு இந்த மாதிரி வேலை செய்து தரும் திட்டம் கொண்டுவந்தது. அவசர அவசரமாக நடந்த அந்த வேலையில் நான்கு இளைஞர்கள் இறந்துபோனார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கி. ஒருவர் மச்சு வெக்கை தாங்காமல். ஆகவே ஆட்களை விடியற்காலையில் மச்சில் ஏற்றி, வெயில் ஏறும் முன் இறக்கிவிடுங்கள். மோர் கரைத்துக் கொடுங்கள்.

விலை மலிவு என்று தெர்மக்கோல் அட்டையை மச்சில் அடைக்காதீர்கள். தீப்பிடித்தால் நச்சுப் புகை. கண்ணாடிப் பஞ்சு போடுவதானால் முகத்தில் துணி, கையில் உறை அவசியம். ஆஸ்பெஸ்டாஸ் அட்டை போட்ட வீட்டில் அதைத் துளை போடுவது, தேய்ப்பது கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

தகரத்துக்குக் கீழே இருக்கிறவர்கள்

போடியில் எத்தனையோ பெண்கள் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறார்கள். பல இடங்களில் தலைக்கு மேல் வெறும் தகரம்தான். மலையில் ஸ்டோரில் காயை உலர்த்தும்போது 45 முதல் 55 டிகிரிக்குள் சூட்டை அளந்து வைக்கிறார்கள். ஈரக்காற்று போக ஜன்னல் திறக்கிறார்கள். காய்ந்த பிறகு பச்சை நிறம் மாறாமல் இருக்க, கறுப்பு பாலிதீன் போட்ட சாக்கில் பத்திரப்படுத்துகிறார்கள். காய்க்கு இவ்வளவு பார்க்கிறோம். அதைப் பொறுக்குகிற பெண்ணுக்கு என்ன பார்க்கிறோம்?

மச்சு இல்லாத தகர வீட்டுக்கும், தளம் போட்ட வீட்டுக்கும் வழி இருக்கிறது. தளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம். தகரத்தின் மேல் பெயிண்ட், அடியில் அதே அலுமினியத் தாள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரை மேல் தென்னங்கிடுகு பரப்பலாம். அடுப்புப் புகைபோக்கிப் பக்கம் மட்டும் வேண்டாம்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அந்த ஊர் வெயிலுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. 2017இல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கு என்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. நம் தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் இறந்த பிறகு வரும் பணத்தைவிட, இருக்கும்போது தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பூச்சு மேல் இல்லையா? மகளிர் குழுவில் இருக்கிற சகோதரிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஒரு தெருவே சேர்ந்து சாமான் வாங்கினால் விலையும் குறையும், கூலியும் குறையும்.

பங்குனிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அக்கினி நட்சத்திரம் வந்த பிறகு மச்சில் ஏறச் சொன்னால் எந்த ஆசாரியும் வரமாட்டார்!

– ஓர் இல்லத்தரசி, போடிநாயக்கனூர்