சேற்று வயலிலே தோன்றும் செம்பழுப்பு: ஈரநில ஆராய்ச்சியும் அதற்கான பயிற்சியும்

நெல் நீரிலே நின்று வளரும் பயிர். ஆயினும் நீர் தேங்கிய நிலமெல்லாம் நெல்லுக்கு உகந்த நிலமன்று. களுத்துறை, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களின் தாழ்நிலங்களிலே வயல் செய்யும் கமக்காரர் இதனை நன்கறிவர். நாற்று நட்ட சில வாரங்களுள் அடியிலைகளின் நுனியிலே சிறு கபிலநிறப் புள்ளிகள் தோன்றும். அவை இலையின் அடியை நோக்கிப் பரவ, இலை முழுவதும் செம்பழுப்பாகி உலர்ந்துவிடும். மட்டங்கள் குறையும், கதிர் பதராகும். பயிரைப் பிடுங்கிப் பார்ப்பின், வெண்மையாயிருக்க வேண்டிய வேர்கள் துருப் படிந்து முரடாகக் காணப்படும்.

இதனைப் பூச்சியின் வேலையென்றோ பங்கசு நோயென்றோ கருதி மருந்து தெளிப்போர் பலர். மருந்துக்குக் கொடுத்த பணம் போவதன்றி வேறு பயன் விளைவதில்லை. ஏனெனில் இங்கே பயிரைத் தாக்குவது உயிருள்ள பகையன்று, மண்ணிலுள்ள இரும்பே.

இரும்பு எல்லா மண்ணிலும் உண்டு. காற்றுப்படும் மண்ணிலே அது துருவாக, நீரிற் கரையாத நிலையிலே கிடக்கும். வயலில் நீர் கட்டியதும் நிலைமை மாறுகிறது. மண்ணின் துளைகளிலிருந்த ஒட்சிசன் ஓரிரு நாளிலே தீர்ந்துவிடும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்களோ சுவாசத்தை நிறுத்துவதில்லை. அவை முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசு ஒட்சைட்டையும், அதன்பின் இரும்புத் துருவையும் ஒட்சிசனுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. அதுவும் முடிந்தால் சல்பேற்று. இறுதியிலே சேற்றைக் கிளறும்போது குமிழியாக மேலெழும் மெதேன் வாயு உண்டாகிறது. இவ்வரிசையிலே துருவின் முறை வரும்போது, கரையாதிருந்த இரும்பு கரையும் இரும்பாகி வேரைச் சூழ்கிறது. புளிப்பு மிக்கதும் உக்கல் மிக்கதுமான மண்ணிலே, நீர் கட்டிய முதல் மூன்று வாரங்களுள் இது உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகத் தணியும்.

நெல்லுக்கு இயற்கை ஒரு காவலைக் கொடுத்திருக்கிறது. அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உள்ளன. இலை வழியாகப் புகும் ஒட்சிசன் அவற்றினூடாக வேருக்கு இறங்கி, வேரின் வெளியிலும் சிறிது கசிகிறது. அங்கே கரைந்த இரும்பு மீண்டும் துருவாகி வேரின்மேற் படிகிறது. வேரிற் காணும் செந்நிறம் இதுவே. சிறிதளவு செந்நிறம் காவல் நன்றாக நடைபெறுவதற்கு அடையாளம். வேர் களைத்துவிட்டால் இரும்பு உள்ளே புகுந்து இலைக்கு ஏறிவிடும். பொட்டாசு குறைந்த மண்ணில் நிற்கும் பயிரின் வேர் விரைவிலே களைத்துப்போகும்.

இவ்வுண்மைகளை வெளிப்படுத்தியதில் இந்நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. மண் இரசாயன விற்பன்னர் எவ். என். பொன்னம்பெரும, கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்பீல்ட், பீச் என்போருடன் இணைந்து, நெல்லின் இச்செம்பழுப்பு இரும்பு நஞ்சாவதால் விளைவதென 1955இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையிலே எழுதினார். பின்னர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய அவர், நீரில் அமிழ்ந்த மண்ணின் இரசாயனம் பற்றி 1972இல் வெளியிட்ட நெடிய கட்டுரை, இன்றும் உலகெங்கும் ஈரநிலம் பற்றிப் படிப்போர் கையிலெடுக்கும் நூல்களுள் ஒன்று. சதுப்புக்காட்டை ஆராய்பவருக்கும் ஏரியை ஆராய்பவருக்கும் அது பாடமாயுள்ளது. நெல்வயற் சேற்றிலே பிறந்த அறிவு அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது.

விவசாயத் திணைக்களத்தின் நெல் ஆராய்ச்சி பத்தலகொடையிலே 1952இல் தொடங்கியது. ஈரவலயத் தாழ்நிலங்களின் இடர்களை ஆராய்வதற்குக் களுத்துறை மாவட்டத்திலுள்ள பொம்புவல நிலையம் உளது. அந்நிலையத்தார் இரும்பு மிக்க வயல்களிலேயே வரிசை வரிசையாக நாற்றுக்களை நட்டு, எது பழுக்கிறது, எது பசுமை குன்றாது நிற்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்கின்றனர். பீ.டபிள்யூ. 267-3 என்னும் இனம் அவ்வாறு இரும்பைத் தாங்கும் இனமெனப் பெயர் பெற்றது. விதைநெல் வாங்கும் கமக்காரர் பெயரின் முதலெழுத்துக்களைக் கவனித்தால் பிறந்த இடத்தை அறியலாம். பீ.டபிள்யூ. என்பது பொம்புவலையையும், பீ.ஜி. என்பது பத்தலகொடையையும், ஏ.ரீ. என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். கடலோர உவர் வயலுடையோர் நாடும் ஏ.ரீ. 354 கடைசியிற் கூறிய இடத்தது.

இனி, வயலிற் செய்யத்தக்கவை. செம்பழுப்பு ஆண்டுதோறும் காணும் வயலிலே, உழுது நீர் கட்டிய உடனே நடாது, இரண்டு மூன்று வாரம் கழித்து நடுதல் நன்று. இரும்பின் உச்சம் அதற்குள் கடந்துவிடும். ஆனால் வயலை அடுத்து மேட்டுநிலமிருந்து, அங்கிருந்து செந்நீர் ஊறி வருமாயின், காத்திருப்பதாற் பயனில்லை; புதிய இரும்பு நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கும். அத்தகைய இடத்தில் மேட்டின் அடிவாரத்திலே ஒரு கான் வெட்டி, ஊற்றுநீரை வயலுக்குள் வரவிடாது திருப்புதல் வேண்டும். பொட்டாசுப் பசளையைக் குறைத்தல் கூடாது. நீர் வடியாத வயலுக்கு அமோனியம் சல்பேற்றினும் யூரியா ஏற்றது. சல்பேற்றிலிருந்து வேரைக் கொல்லும் ஐதரசன் சல்பைட்டு உண்டாகக்கூடும். பச்சை வைக்கோலையும் தழையையும் நடுகைக்குச் சற்றுமுன் மிதித்துவிடுவதும் தீங்கே. நன்கு உக்கிய எருவையே இடுக. இடையிடையே நீரை வடித்து வயலுக்குக் காற்றுக் காட்டுதல் பெரும்பாலான வயல்களுக்கு நன்மை தரும்.

பெரும்பாலான என்று கூறியதற்குக் காரணமுண்டு. சில தாழ்நிலங்களின் அடிமண்ணிலே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று என்னும் பொருள் புதைந்து கிடக்கிறது. கடல்நீர் வந்துபோன பழைய சதுப்புகளில் இது மிகுதி. நீரின் கீழிருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. நீரை ஆழமாக வடித்துக் காற்றுப்படவிட்டால் அது கந்தக அமிலமாக மாறும். 1980களிலே மாத்தறையில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க அணைகளும் நீரிறைக்கும் நிலையங்களும் அமைக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுப்பதே நோக்கம். ஆயினும் நிலத்தடி நீர் தாழ்ந்த இடங்களிலே அடிமண் புளித்து, வயல்கள் பல கைவிடப்பட்டன. ஒரு வயலுக்கு மருந்தாகும் வடிகால் மற்றொரு வயலுக்கு நஞ்சாயிற்று. தந்தை விதைத்த வயலிலே மகன் புல் வெட்டும் நிலை இதனால் வந்தது.

இவ்விரு மண்ணையும் மேலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. இதற்காகவே ஈரநில அறிவு தனிப் பயிற்சியாக வளர்ந்தது. அமெரிக்காவிலே ஈரநிலத்தின் எல்லையை வரையறுக்க இராணுவப் பொறியியற் படையினர் 1987இல் ஒரு கைந்நூல் வெளியிட்டனர். நிலத்தில் நிற்கும் செடி, மண், நீர் ஆகிய மூன்றினதும் சான்றைக் கேட்டே தீர்ப்புக் கூறுதல் வேண்டும் என்பது அதன் முறை. அந்நாட்டின் ஈரநில விஞ்ஞானிகள் சங்கம் 1994 முதல் பயிற்சி பெற்றோருக்குத் தொழிற் சான்றிதழ் வழங்கி வருகிறது. இலங்கை, ஈரநிலங்கள் பற்றிய ராம்சார் உடன்படிக்கையில் 1990இல் சேர்ந்தது. பூந்தல அதன் முதலாவது இடமாயிற்று. கொரியாவிலே 2008இல் கூடிய அவ்வுடன்படிக்கை நாடுகள், நெல்வயலும் ஓர் ஈரநிலமே என்று கொண்டு தனித் தீர்மானம் நிறைவேற்றின. கமக்காரர் இதைக் கேட்டு வியக்கமாட்டார். கொக்கும் தவளையும் விரால் மீனும் அதை முன்னமே அறிந்திருந்தன.

பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வயலிலே என்ன செய்கிறார்? மண் துளைக்கும் கருவியால் முழ ஆழத்துக்கும் அதற்கு மேலும் மண்ணை எடுத்து வரிசையாக வைக்கிறார். ஈரமாயிருக்கும்போதே அதன் நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிடுகிறார். மங்கிய சாம்பலோ நீலங்கலந்த சாம்பலோ ஆயின் அம்மண் நெடுங்காலம் நீரிலே கிடந்தது. சாம்பலினிடையே பழைய வேர்த்துளைகளைச் சுற்றிச் செந்நிறக் கோடுகள் ஓடினால், நீர் ஏறியும் இறங்கியும் வந்தது. வைக்கோல் நிறமான மஞ்சட் புள்ளிகள் தெரிந்தால் அவர் வடிகாலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவார். அது கந்தக அமிலம் தோன்றிவிட்டதற்கு அடையாளம்.

தாழ்நிலத்தில் மேடை அமைத்து மரக்கறி செய்வோர் இதனை விசேடமாகக் கவனித்தல் வேண்டும். கான் வெட்டும்போது அடியிலிருந்து வரும் சாம்பல்நிறக் களியை மேடையின் மேலே போடுவது வழக்கம். வெட்டிய களி ஒளிவிட்டுக் குளிர்ச்சியாயிருப்பதால் வளமுள்ளதென மயங்குவர். அதிலே பைரைற்று இருப்பின், ஓரிரு மாதத்தில் மேடை புளித்து, கத்தரியும் மிளகாயும் வேர் கருகி நின்றுவிடும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, களியை அடியிலிட்டு, மேல்மண்ணையே மேலே பரப்புதல் வேண்டும்.

ஐயமிருப்பின் வெட்டுவதற்கு முன்னரே சோதித்துக்கொள்ளலாம். அடிக்களியில் ஒரு பிடி எடுத்து, பி.எச். தாளினால் அதன் புளிப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்க. பின்னர் அதை மெல்லிய வில்லையாகத் தட்டி, துளையிட்ட பொலித்தீன் பையிலே வைத்து, நிழலில் எட்டு வாரம் ஈரம் உலராது வைத்திருக்குக. மீண்டும் பார்க்கும்போது பி.எச். 4க்குக் கீழே இறங்கியிருந்தால், அக்களியை நீருக்கு வெளியே எடுத்தல் ஆகாது. நேரமில்லாதோர் எடுத்த மண்ணைக் காற்றுப் புகாத பையிலே இறுகக் கட்டி, எடுத்த ஆழத்தையும் வயலின் பெயரையும் எழுதி, அன்றைக்கே தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்குக. தாமதித்தால் மண் வழியிலேயே புளித்துவிடும்.