வக்கீல் இன்றி வழக்காடுவோர்க்குரிய நீதிமுறை

நூல் பாக்கிக்காகவோ விதைக் கடனுக்காகவோ நீதிமன்றச் சம்மன் வந்தால், வக்கீல் அமர்த்த வசதியில்லாத அங்கத்தினர் சிலர் அதனைப் பெட்டியில் வைத்துவிட்டு வாளாவிருப்பதுண்டு. இதனால் விளையும் தீங்கு பெரிது. வக்கீல் இல்லாதவர்க்கும் சட்டம் சில முறைகளை உறுதி செய்துள்ளது. அவற்றைச் சுருக்கமாக விளக்க விழைகிறோம்.

தம் வழக்கில் தாமே தோன்றி வாதாடும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனைத் தெளிவாக ஏற்கிறது. இதற்குத் தனி அனுமதி வேண்டுவதில்லை.

பிராதின் நகல் சம்மனுடன் இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தம்மீது கூறப்படுவது யாது என்று அறியாமல் எவரும் மறுமொழி கூற இயலாதன்றோ? சம்மன் பெற்ற 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். சாதாரண உரிமையியல் வழக்குகளில் இவ்வரம்பும் கடக்கவே முடியாத சுவரன்று எனச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அது அரிதான விலக்கே. அதனை நம்பியிருத்தல் கூடாது.

முதல் விசாரணையில், எதிர்த்தரப்பார் கூறுவனவற்றுள் எவற்றை ஒப்புகிறீர், எவற்றை மறுக்கிறீர் என நீதிபதி கேட்டுப் பதிவு செய்வார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் உண்டு. நீதிபதி ஒரு தரப்பினர்க்கு வக்கீலாக நிற்றல் தகாது. எனினும், வக்கீல் இல்லாதவர்க்கு அடுத்து செய்ய வேண்டுவது யாதென விளங்கச் சொல்வது பாரபட்சம் ஆகாது. விதியைத் தளர்த்துவது வேறு. விதியை அறியச் செய்வது வேறு. பாவு மட்டும் இருந்து ஊடை இல்லையேல் துணியாகுமா? ஒருவர் கூற்றை மட்டும் கேட்ட தீர்ப்பும் அத்தகையதே.

ஆனால் முறைப்படி சம்மன் பெற்றும் வாராதிருப்பவர்க்கு இப்பாதுகாப்பு பயன்படாது. ஒருதலைத் தீர்ப்பு ஏற்படலாம். அவ்வாறு ஏற்பட்டால், சம்மன் முறையாகச் சேரவில்லை என்றோ, வர இயலாமைக்குப் போதிய காரணம் இருந்தது என்றோ காட்டி, அதனை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களே கெடு. சம்மனே சேராதவர்க்குத் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அக்கெடு தொடங்கும்.

நம்மவர் அறிய வேண்டிய மற்றொன்று: அச்சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, டிகிரிப் பணத்திற்காகக் கைவினைஞரின் தொழிற்கருவிகளை ஜப்தி செய்தல் கூடாது. உழவரின் ஏர்க்கருவிகளுக்கும், பிழைப்புக்கு இன்றியமையாதன என நீதிமன்றம் கருதும் கால்நடை, விதைத் தானியங்களுக்கும் இக்காப்பு உண்டு. தறியும் கலப்பையும் தம் பிழைப்பு என்பதை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டியவர் அவற்றை உடையவரே. வாராதவர் எங்ஙனம் உரைப்பார்?

வக்கீல் உதவி வேண்டுவோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்டிர்க்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கும், பழங்குடியினர்க்கும் வருமானம் பாராது இலவச உதவி கிடைக்கும். ஏனையோரில் பலர்க்கு வருமான வரம்பு உண்டு.

சங்க நிர்வாகிகட்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் சங்கத்திற்கும் அங்கத்தினர்க்கும் எழும் தகராறுகள் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளர்முன் செல்வன. ஆங்கும் அங்கத்தினர் பெரும்பாலும் தனியே நிற்பவர். ஆகவே கணக்கின் நகலை முன்னரே அளித்து, அவர் கூறுவதையும் முழுமையாகக் கேட்டல் நம் கடமை.

சம்மன் வந்தால் அன்றே படிக்கச் செய்து, ரசீதுகளைத் தேடியெடுத்து, குறித்த நாளில் தவறாது செல்க.